மணிக்குப் பன்னிரண்டு மைல் காற்று

சிங்கப்பூர்
2-3-1956

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, ருக்மணி எழுதுவது.

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள். இது சொந்த விஷயம் இல்லை, வேலை விஷயம்.

நான் இப்போது ஹால்பெக் என்ற டென்மார்க் கம்பெனியில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். காற்றில் சுற்றும் இறக்கையை வைத்து மின்சாரம் எடுக்கிற ஆலைகளைச் செய்கிறவர்கள். போன மாதம் நம் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியைச் சொன்னார்களே, அன்று மாலையே எங்கள் அலுவலகத்தில் அதுதான் பேச்சு. இதுவரை மலாயாவுக்கு எந்தச் சாமான் வாங்கினாலும் லண்டன் வழியாகத்தான் வாங்கினார்கள். இனி அந்தக் கட்டு தளரும். ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் எல்லாம் இங்கே அறை எடுத்து உட்கார்ந்துவிட்டான். எங்கள் துரையும் முந்திக்கொள்ளப் பார்க்கிறார்.

அவருடைய யோசனை இதுதான். மின்கம்பி எட்டாத கடற்கரைக் கம்பங்களுக்கு, அந்த மலாய்க் கிராமங்களுக்கு, ஆலையைக் கரையில் நட்டால் தென்னை மரங்கள் காற்றை மறைக்கும். அதனால் ஆழமில்லாத கடலுக்குள்ளேயே, மீன்பிடிக்கிற கேலோங் போல மரத்தூண் அடித்து, அதன்மேல் நடலாம் என்கிறார். அதற்கு முன்னால் ஒரு வருடக் காற்றின் கணக்கு வேண்டும். தஞ்சோங் கிளிங் பக்கம் கடலில் நிற்கும் ஒரு கேலோங்கை அதற்காகப் பேசிவிட்டார்கள். கருவி வரும். காற்று ஓடிய மைல் அதில் எண்ணாக ஏறும். தினமும் ஒரு முறை பார்த்து எழுதினால் போதும்.

மலாக்காவில் மின்சாரம் தெரிந்த, எண்ணைத் தப்பாக எழுதாத ஆள் யார் என்று துரை கேட்டார். எனக்கு ஒருவரைத்தான் தெரியும். அவர் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னவர். அதைத் துரையிடம் சொல்லவில்லை.

முடியும் முடியாது என்று ஒரு வரி எழுதினால் போதும். அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கை
ருக்மணி


காஜா பேராங், மலாக்கா
11-3-1956

ருக்மணிக்கு,

கிழிக்கவில்லை. உன் அண்ணி அஞ்சலைதான் தபாலை வாங்கினாள், அவளே பிரித்துப் படித்தாள், நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் வாசித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

அம்மா செத்த வருடத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள் நீ. உனக்குப் பார்த்து வைத்த மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்ல நான் போய் நின்றேன். இப்போது துரைக்கு ஆள் தேவை என்றதும் அண்ணன் ஞாபகம் வருகிறது. வரட்டும்.

வேலையைச் செய்கிறேன். உனக்காக இல்லை. அந்தக் கம்பத்துக்கு மின்சார நிலையத்திலிருந்து கம்பி இழுக்க இன்னும் பத்து வருடமானாலும் ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் இருபது வருடமாக ஊருக்கு வெளிச்சம் போடுகிறவன். காற்றால் ஆகுமென்றால் ஆகட்டும்.

என்னோடு வேலை செய்யும் நல்லையா தஞ்சோங் கிளிங்கில் இருக்கிறான். தினமும் காலை ஏழு மணிக்குச் சாம்பான் படகில் போய் எண்ணைப் பார்த்து எழுதுவான். ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளில் போய்ச் சரிபார்ப்பேன். நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கும். கருவியை அனுப்பச் சொல்.

வேலை விஷயம் தவிர வேறு எதையும் எழுதாதே.

சுப்பையன்


காஜா பேராங்
21-4-1957

ருக்மணிக்கு,

போன வருடம் ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை பன்னிரண்டு மாதக் காற்றும் இத்துடன் வருகிறது. நோட்டைப் பார்த்து என் கையால் எழுதிய நகல். நோட்டு என்னிடமே இருக்கிறது.

உன் துரைக்குப் புரியும்படி நீயே எடுத்துச் சொல். வருடச் சராசரி மணிக்கு ஆறு மைல். ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் எட்டு வரை ஏறுகிறது. மே, அக்டோபரில் நாலுதான். பல நாள் காலையில் நல்லையா திரும்பி வந்து, "அண்ணே, காத்து செத்துப் போச்சுண்ணே. நேத்திலேருந்து எழுபது மைலுதான் ஓடியிருக்கு" என்பான். ஒரு நாள் முழுக்க எழுபது மைல். என் சைக்கிள் அதைவிட வேகமாக ஓடும்.

சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் கறுத்துக்கொண்டு வரும் காற்று வேறு. அது அரை மணி, முக்கால் மணி அடிக்கும். அடிக்கிற அடியில் கேலோங்கின் தூண்கள் ஆடும். நின்றதும் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல ஆகிவிடும். அதை வைத்து விளக்கெரிக்க முடியாது. அது ஆலையை உடைக்கத்தான் உதவும்.

நீ அனுப்பிய விலைப்புத்தகத்தில் உங்கள் ஆலை மின்சாரம் கொடுக்கத் தொடங்குவதே ஒன்பது மைல் காற்றில் என்று போட்டிருக்கிறது. ஆகவே இந்தக் கடலுக்கு அது ஆகாது. உங்கள் ஊர்க் கடலில் ஓடுவது எங்கள் ஊர்க் கடலில் ஓடாது என்று உன் துரையிடம் சொல். ஒரு வருடம் வீண் என்று நான் நினைக்கவில்லை. ஆகாது என்று தெரிந்துகொள்வதும் ஒரு வேலைதான்.

கருவியைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சுப்பையன்


சிங்கப்பூர்
6-5-1957

அண்ணன் அவர்களுக்கு,

கடிதமும் எண்களும் கிடைத்தன. துரை நன்றி சொல்லச் சொன்னார். ஆகுமா ஆகாதா என்பதைக் கோபன்ஹேகனில் இருக்கும் பொறியாளர்கள் முடிவு செய்வார்கள். எண்ணை எழுதித் தருவதுதான் உங்களிடம் கேட்ட உதவி.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். "ஆகாது" என்ற வார்த்தையை எழுதும்போது உங்களுக்கு ஒரு சந்தோஷம் வருகிறது. நான் ஏழாவதுக்கு மேல் படிப்பது ஆகாது. தட்டச்சு வகுப்பு ஆகாது. சிங்கப்பூர் ஆகாது. இப்போது காற்றும் ஆகாது. நாடே புதிதாகத் தொடங்கப்போகிறது. நீங்கள் மட்டும் காஜா பேராங்கில் உட்கார்ந்துகொண்டு எதெது ஆகாது என்று நோட்டுப் போடுங்கள்.

வேலை விஷயம் தவிர எழுதாதே என்றீர்கள். மீறிவிட்டேன்.

ருக்மணி


சிங்கப்பூர்
14-10-1957

அண்ணன் அவர்களுக்கு,

அரசாங்கம் கேட்டிருந்த காற்றாலை டெண்டர் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. ஐந்து கம்பெனிகள் போட்டார்கள். நம்மிடம் மட்டும்தான் ஒரு வருடக் காற்றுக் கணக்கு கையில் இருந்தது, அதனால்தான் கிடைத்தது என்று துரை எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குப் பதவி உயர்ந்திருக்கிறது. இனி தட்டச்சு மட்டும் இல்லை. மலாயாக் கடிதப் போக்குவரத்து முழுவதும் என் பொறுப்பு. இந்த அலுவலகத்தில் அந்த நாற்காலியில் இதற்கு முன் உட்கார்ந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். பெண் யாரும் உட்கார்ந்ததில்லை.

ஆலை டிசம்பரில் கப்பலில் வரும். மார்ச் முதல் தேதி திறப்பு விழா. நானும் வருவேன். தினமும் ஆலையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றதற்கு நல்லையாவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மேலே இருந்து பார்த்துக்கொள்ள உங்களை அனுப்பும்படி மின்சார நிலையத்துக்கும் கடிதம் போயிருக்கிறது. மறுக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மறுத்தால் வேறு ஆள் பார்ப்பார்கள்.

விழாவுக்கு வரும்போது வீட்டுக்கு வரலாமா என்று எழுதுங்கள்.

ருக்மணி


காஜா பேராங்
16-3-1958

ருக்மணிக்கு,

வரலாம் என்று எழுதினேன். வந்தாய். உன் அண்ணி காலையிலிருந்து சமைத்தாள். நீ வாசலில் காரை நிற்க வைத்துவிட்டு, துரை காத்திருக்கிறார் என்று ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாய். அஞ்சலை சமைத்ததைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அது கிடக்கட்டும். விழா முடிந்து ஒன்பது நாள் விளக்கு எரிந்தது. சூராத் தொழுகைக்கூடத்தில், பள்ளிக்கூடத்தில், முப்பத்திரண்டு வீட்டில். கம்பத்துத் தலைவர் பெங்குலு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. குர்ஆன் ஓதும் பிள்ளைகள் விளக்கின் கீழேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒன்பது நாளும் எரிந்தது உங்கள் காற்று இல்லை. கப்பலில் வந்த மின்கலங்களைத் திறப்பு விழாவுக்காக நம் நிலையத்து லாரியில் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தது நான்தான். துரை கேட்டார், மேலதிகாரி சரி என்றார், செய்தேன். அது தீர்ந்தது. பத்தாவது நாள் வெளிச்சம் மஞ்சளாச்சு. பதினோராவது நாள் சிவப்பாச்சு. பிறகு இல்லை.

ஆலை நிற்கிறது. அழகாகத்தான் நிற்கிறது, வெள்ளை பெயின்டோடு, கரையிலிருந்து முக்கால் மைலில். மாலையில் அதன்மேல் நீர்க்காகம் வரிசையாக உட்காருகிறது. இறக்கை சுற்றினால் பறவை உட்காருமா?

எனக்கு ஒன்று விளங்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தது ஆறு மைல். உங்கள் பொறியாளர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் இந்தப் பெரிய இறக்கையைத் தேர்ந்தெடுத்தார்களா? படித்தவர்கள் செய்கிற வேலையா இது? நேராகப் பதில் எழுது.

சுப்பையன்


காஜா பேராங்
8-6-1958

ருக்மணிக்கு,

மார்ச்சில் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பெரிய நாற்காலி, பெரிய வேலை. சரி.

பெங்குலு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேராக மின்சார நிலையத்துக்கே வந்துவிட்டார். எல்லார் முன்னாலும், "சுப்பையா, லம்பு மானா?" என்று கேட்டார். விளக்கு எங்கே என்று. அவர் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கம்பத்தில் எல்லாரும் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பிவிட்டார்கள். சுவரில் பல்பு தொங்குகிறது, கீழே சிம்னி எரிகிறது.

அதைவிட அவசரமான ஒன்று. புயல்காற்று வரும்போது ஆலையை நிறுத்துகிற பிரேக் கம்பி துருப்பிடித்துவிட்டது. உங்கள் ஊரில் என்ன கம்பியோ, எங்கள் உப்புக்காற்றில் மூன்று மாதத்தில் நார் நாராகப் பிரிகிறது. நல்லையா தொட்டாலே கையில் தூள் வருகிறது என்கிறான். வேறு கம்பி இங்கே போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறது. நீங்களே அனுப்ப வேண்டும். அதுவரைக்கும் இறக்கையைக் கழற்றி வைக்க அனுமதி கொடுங்கள். சுமத்ராக் காற்று தொடங்கிவிட்டது.

சுப்பையன்


சிங்கப்பூர்
25-6-1958

அண்ணன் அவர்களுக்கு,

பிரேக் கம்பிக்கு ஆர்டர் போயிருக்கிறது. டென்மார்க்கிலிருந்து கப்பலில் வர மூன்று மாதம் ஆகும். இறக்கையைக் கழற்ற அனுமதி இல்லை. கெடாவிலிருந்தும் திரங்கானுவிலிருந்தும் ஆட்கள் ஆலையைப் பார்க்க வரப்போகிறார்கள். கிழக்குக் கரையில் இதைப்போல இருபது ஆலைக்குப் பேச்சு நடக்கிறது. வருகிறவர்கள் மொட்டைத் தூணைப் பார்க்கக்கூடாது என்று துரை சொல்கிறார்.

காற்று அடிக்கும்போது நல்லையா போய்க் கையால் பூட்டிவிட்டு வரட்டும். அதற்குத்தானே ஆள் வைத்திருக்கிறது.

எண்களைப் பற்றி அலுவலக முகவரிக்கு எழுதாதீர்கள். கடிதங்களை மற்றவர்களும் பிரிக்கிறார்கள்.

ருக்மணி


காஜா பேராங்
24-8-1958

ருக்மணிக்கு,

இதை நான் அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன். யார் வேண்டுமானாலும் பிரிக்கட்டும்.

பதினாலாம் தேதி வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு மேற்கே கறுத்தது. நல்லையாவின் மனைவி பூங்காவனம் போகாதே என்று சொல்லியிருக்கிறாள். "பூட்டலைன்னா காத்துல ஆலையே போயிரும் லா, அண்ணனுக்குத்தான் கெட்ட பேரு" என்று சொல்லிவிட்டு அவன் சாம்பானைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். மேடையில் ஏறிக் கைப்பிடியைச் சுற்றியபோது பிரேக் கம்பி அறுந்தது. ஐந்து மாதமாகச் சுற்றாத இறக்கை அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியதைக் கரையிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். இறக்கையைக் காற்றிலிருந்து திருப்பிவிட அவன் பின்னால் இருந்த வால்பலகையைக் கயிறு போட்டு இழுக்கப் பார்த்தான். ஒரு இறக்கை முறிந்து அவன்மேல் விழுந்தது. மீனவர்கள் காற்று ஓயும் முன்பே படகில் போய் அவனை இறக்கினார்கள்.

வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது. நான் போனபோது என்னைப் பார்த்து, "அண்ணே, ஒரு வருசமா நான் எழுதின எழுத்து எல்லாம் அந்தக் கைதாண்ணே" என்றான். அழவில்லை. நான்தான் வெளியே போய் நின்றேன்.

இன்னும் இருக்கிறது. விபத்து என்றதும் விசாரணை வந்தது. பண்டார் ஹிலிர் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டு, உங்கள் டெண்டரோடு வந்த காற்றறிக்கையைக் காட்டினார்கள். வருடச் சராசரி மணிக்குப் பன்னிரண்டு மைல். மே மாதம் எட்டு. ஜனவரி பதினாறு. என் ஒவ்வொரு எண்ணையும் இரண்டால் பெருக்கியிருந்தது. கடைசிப் பக்கத்தில், "அளந்து பதிவு செய்தவர்: வீ. சுப்பையன், மின்சார ஃபிட்டர், மலாக்கா" என்று தட்டச்சு.

"இது உங்கள் கணக்குத்தானா?" என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறக்க நேரமானது. அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். விசாரணை முடியும்வரை என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஊரில், கம்பெனியில் தங்கச்சி இருக்கிறாள், அண்ணன் கூட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று பேசுகிறார்கள். பெங்குலு என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போலப் போனார்.

ஒரே கேள்விதான். அதைத் தட்டியது யார்?

சுப்பையன்


சிங்கப்பூர்
28-8-1958

அண்ணன் அவர்களுக்கு,

நான்தான்.

துரை உங்கள் நகலை என் மேசையில் வைத்து, கருவிக்கு ஒரு திருத்தம் உண்டு, எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கு என்றார். கருவியோடு வந்த தாளை நான் படித்திருந்தேன். திருத்தம் ஒன்றும் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெருக்கினேன். பன்னிரண்டு மாதத்தையும் பெருக்கி, தப்பில்லாமல் தட்டி, உங்கள் பெயரையும் தட்டினேன். ஐந்து மாதம் கழித்து எனக்கு நாற்காலி வந்தது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றே வெளியே. வெளியே போனால் எங்கே போவது? மலாக்காவுக்கு. உங்கள் வீட்டு வாசலில் நின்று, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே வரவேண்டும். வேலை உத்தரவு வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன் என்று தெருவே பார்க்க என் கன்னத்தில் அறைந்தீர்களே, அந்த வாசலில். அதைவிட எதை வேண்டுமானாலும் பெருக்கலாம் என்று அன்று தோன்றியது. இதை உங்கள்மேல் பழி போட எழுதவில்லை. எப்படி நடந்தது என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

நல்லையாவைப் போகச் சொல்லி எழுதியதும் நான்தான். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்த வரியை நினைக்காமல் சாப்பிட உட்கார முடியவில்லை.

இப்போது துரை சொல்வது: கருவியில் பழுது இருந்தது, அதனால் எண் இரண்டு மடங்காக ஏறியது என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் யார்மேலும் குற்றம் வராது. உங்கள் வேலையும் திரும்பக் கிடைக்கும். நல்லையாவின் குடும்பத்தையும் கம்பெனி கவனித்துக்கொள்ளும். நோட்டுப் புத்தகத்தை மட்டும் வெளியே காட்டவேண்டாம்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர் சொல்லச் சொன்னதையும்.

ருக்மணி


காஜா பேராங்
1-9-1958

ருக்மணிக்கு,

கருவியில் பழுது இல்லை. பன்னிரண்டு மாதமும் ஞாயிறு தவறாமல் நானே கழற்றித் துடைத்துப் பார்த்த கருவி. அது பொய் சொன்னது என்று நான் எழுதமாட்டேன். நல்லையா ஒரு நாள் தவறாமல் கடலில் போய் எழுதிய எண்ணைத் தப்பென்று சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குள் நான் எந்த முகத்தோடு போவேன்?

வரும் திங்கட்கிழமை, எட்டாம் தேதி, காலை பத்து மணிக்கு என் நோட்டை அதிகாரியிடம் கொடுக்கப்போகிறேன். அதைப் பார்த்தால் எண் சிங்கப்பூரில் மாறியது என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். யார் மாற்றியது என்று கேட்பார்கள். உன் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டமாட்டேன். உன் பெயரையும் சொல்லமாட்டேன். எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்காதே. அது என் வாயால் சொல்லவேண்டிய பெயர் இல்லை.

அறைந்தது உண்மைதான். அதற்காக நீ ஒரு கம்பத்தையே இருட்டில் வைத்தாய், ஒருவன் கையை வாங்கினாய் என்றால், இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. நீ வைத்துப் பார்த்துக்கொள்.

சுப்பையன்


மலாக்கா பஸ் நிலையம்
6-9-1958, சனிக்கிழமை

அண்ணன் அவர்களுக்கு,

இதைப் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயே தபாலில் போடுகிறேன். திங்கட்கிழமை நீங்கள் அலுவலகத்துக்குப் போவதற்குள் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

நேற்று விசாரணை அதிகாரியைப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து நகலையும், நான் தட்டிய அறிக்கையின் கார்பன் பிரதியையும், உங்கள் ஜூன் கடிதத்தையும், அதற்கு நான் எழுதிய பதிலின் பிரதியையும் கொடுத்துவிட்டேன். அலுவலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தவை. இனி அங்கே என்னை உள்ளே விடமாட்டார்கள். நானும் போகப்போவதில்லை.

அதிகாரி நல்ல மனிதர். படித்துவிட்டு, "தட்டச்சு செய்தவர் மேலதிகாரி சொன்னதைச் செய்தவர், பெயர் எழுதவேண்டிய அவசியம் இல்லையம்மா" என்றார். எனக்கு ஒரு நிமிடம் அது போதும்போல இருந்தது. எழுந்தும்விட்டேன். பிறகு உட்கார்ந்து, எழுதுங்கள் என்றேன். இரண்டால் பெருக்கியது வீ. ருக்மணி, தெரிந்தே பெருக்கினாள், கம்பி அனுப்பத் தாமதமாகும் என்று தெரிந்தும் ஆளைப் போகச் சொன்னது வீ. ருக்மணி. அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். என்மேல் வழக்கு வருமா என்று கேட்டேன். வரலாம் என்றார். துரை மேல் வருமா என்றேன். துரை புதன்கிழமையே கோபன்ஹேகன் விமானம் ஏறிவிட்டார் என்று அதிகாரிதான் எனக்குச் சொன்னார். எனக்கு அது தெரியாது.

கிழக்குக் கரை இருபது ஆலைப் பேச்சை நிறுத்தி வைக்கத் தந்தி போகிறது. கடலில் நிற்பதையும் பிரித்துவிடுவார்களாம். உங்கள் பெயர் அறிக்கையிலிருந்து நீங்கும். வேலைக்குத் திரும்ப உத்தரவு அடுத்த வாரமே வரும் என்றார். நோட்டைக் கொடுக்க நீங்கள் திங்கட்கிழமை போங்கள். அது அங்கே இருக்கவேண்டியதுதான்.

இன்று காலை நல்லையாவைப் பார்க்கப் போனேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விழாவில் தூரத்திலிருந்து பார்த்ததுதானே. யாரென்று சொன்னேன். அந்த எண்ணை மாற்றியது நான், போகச் சொல்லி எழுதியதும் நான் என்று சொன்னேன். பூங்காவனம் எழுந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "வெளிய போம்மா" என்றாள். நல்லையா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போய்விட்டேன்.

இதையெல்லாம் உங்களுக்காகச் செய்தேன் என்று அண்ணியிடம் சொல்லாதீர்கள். நீங்கள் என் பெயரைச் சொல்லமாட்டேன் என்று எழுதினீர்கள். அதைப் படித்தபோது எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. நீங்கள் மூடி வைத்துக் காப்பாற்றிய பெயரோடு இன்னொரு வருடம் இருக்க என்னால் முடியாது. தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். நல்லையாவின் கை என் தட்டில்தான் இருக்கிறது. அதற்காக உங்கள் அறை இல்லாமல் போய்விடவில்லை.

இனி நீங்கள் எழுதவேண்டாம். நானும் முகவரி கொடுக்கவில்லை. வழக்கு வந்தால் கோர்ட்டில் பார்ப்போம். அங்கேயும் பேசவேண்டியதில்லை.

சற்று முன் அண்ணி பசாரிலிருந்து கூடையோடு வந்தார்கள். என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "வீட்டுக்கு வா புள்ள, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு, வாசல்லயே ஒக்காந்திருக்காரு ஒரு வாரமா" என்றார்கள். பஸ் கிளம்பப்போகிறது அண்ணி, நேரமில்லை என்றேன். கையை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

வீ. ருக்மணி